குற்றவியல் நீதி இளங்கலைப் பட்டம்: வெளிநாட்டு மாணவர் அமெரிக்காவில் சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இதுதான்: பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர், மாணவர் விசாவில் அமெரிக்கா சென்று, அங்கே கிரிமினல் ஜஸ்டிஸ் எனப்படும் குற்றவியல் நீதித் துறையில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் பெற விரும்புகிறார். படிப்பு எப்படி இருக்கும், முடித்தபின் அங்குள்ள காவல் துறையிலோ எஃப்பிஐயிலோ சேர முடியுமா, முடியாதென்றால் இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று கேட்கிறார். இத்துறையில் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன், வெளிநாட்டு மாணவர்கள் பலருக்குப் பாடத் தேர்வில் வழிகாட்டியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். ஏனெனில் சேருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள், பலருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகின்றன.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பு மிகச் சிறந்தது. ஆனால் அந்தப் பட்டம் அமெரிக்க மாணவரை இயல்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு, மாணவர் விசாவில் வந்தவர் விண்ணப்பிக்கவே முடியாது. கைது செய்வதும், காவலில் வைப்பதும், தண்டனையை நிறைவேற்றுவதும் அரசின் அதிகாரங்கள். அவற்றைத் தன் குடிமக்களிடம்தான் ஒப்படைப்பேன் என்று ஓர் அரசு சொன்னால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே சீருடைப் பணிக்கான நுழைவாயில் என்று எண்ணி இதில் சேர வேண்டாம். குற்றம், சட்டம், தண்டனை ஆகியவற்றைச் சான்றுகளைக் கொண்டு ஆராயும் ஒரு சமூக அறிவியலாக எண்ணிச் சேருங்கள். கூடவே எந்த நாட்டிலும் மதிக்கப்படும் ஒரு திறனையும் கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் இதன் விளக்கம்தான்.

வேலைக் கதவுகள் எங்கே, எப்படி மூடியிருக்கின்றன என்பதைத் திட்டவட்டமாகப் பார்ப்போம். எஃப்பிஐ சிறப்பு முகவர் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அதோடு இளங்கலைப் பட்டம், முழுநேரப் பணி அனுபவம், 23 வயது நிரம்பியிருத்தல், 37 வயதை எட்டுவதற்குள் பணியில் அமர்தல் ஆகிய நிபந்தனைகளும் உண்டு. கூட்டாட்சி அரசின் போட்டி முறைப் பணிகள் பொதுவாகவே குடிமக்களுக்கு உரியவை என்பதை 1976-இல் பிறப்பிக்கப்பட்ட 11935-ஆம் எண் நிர்வாக ஆணை உறுதிசெய்தது. மாநிலங்களின் நிலையை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு தெளிவாக்குகின்றன. ஃபோலி எதிர் கானலி என்ற வழக்கில், மாநிலக் காவலர் பணியைக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்க நியூயார்க் மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 1978-இல் நீதிமன்றம் கூறியது. அடுத்து 1982-இல் வந்த கேபல் எதிர் சாவேஸ்-சலிடோ வழக்கு இன்னும் கூர்மையானது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சட்டப்படி நிரந்தரமாக வசித்தவர்கள், ஸ்பானிய மொழி தெரிந்த நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலர் போன்ற பணிகளுக்கு விண்ணப்பித்தும் குடியுரிமை இல்லாததால் நிராகரிக்கப்பட்டார்கள். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்த நிராகரிப்பை ஏற்றுக்கொண்டது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், மாணவர் விசாவில் இருப்பவருடைய இடம் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அண்மையில் சில மாநிலங்கள் கதவைச் சற்றுத் திறந்திருப்பது உண்மை. கலிஃபோர்னியாவில் 2023 முதலும், இல்லினாயில் 2024 முதலும், அமெரிக்காவில் வேலை செய்ய சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் குடிமக்களாக இல்லாவிட்டாலும் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இதைப் படித்துவிட்டு நம்பிக்கை வளர்த்துக்கொள்ளும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் காவலர் பயிற்சிப் பள்ளியிலேயே சில மாதங்கள், அதன் பின் மூத்த அலுவலருடன் களப் பயிற்சியில் மேலும் சில மாதங்கள் போகும். மாணவர் விசாவில் பட்டம் முடித்தபின் கிடைக்கும் ஓராண்டு வேலை அனுமதி மட்டுமே கையில் உள்ள ஒருவருக்காக எந்த நகரக் காவல் துறையும் அந்தச் செலவைச் செய்யும் என்று எதிர்பார்க்க இயலாது. அந்தச் சட்டங்களால் பயன்பெறுபவர்கள் பெரும்பாலும் நீண்டகால வேலை அனுமதி உள்ள குடியேறிகளே.

இதோடு சேர்த்து ஒரு முக்கியமான எச்சரிக்கை. குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. குற்றவியல் நீதி மாணவர் மன்றங்கள் சில நேரங்களில் துப்பாக்கிச் சுடும் தளத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவதுண்டு. உடன் படிப்பவர்கள் அதை ஒரு பொழுதுபோக்காக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் தேவைப்பட்டால் ஒரு வழக்கறிஞரையும் கேட்காமல் போகக் கூடாது.

இனி படிப்புக்கு வருகிறேன். இத்துறை அமெரிக்காவில் உருவான கதையைத் தெரிந்துகொண்டால் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். பெர்க்லி நகரக் காவல் துறைத் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர், காவலர்கள் கல்லூரியில் படிக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் 1916-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கோடைக்கால வகுப்புகளைத் தொடங்கினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காவல் நிர்வாகப் படிப்பு 1935-இல் வந்தது. நியூயார்க்கில் இன்று ஜான் ஜே கல்லூரி என்று அறியப்படும் நிறுவனம் 1964-இல் காவல் அறிவியல் கல்லூரியாகப் பிறந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் அமைத்த ஆணையம் 1967-இல் தன் அறிக்கையை வெளியிட, அடுத்த ஆண்டே நிறைவேறிய சட்டத்தின் மூலம் காவலர்களின் கல்லூரிப் படிப்புக்குக் கூட்டாட்சி அரசின் பணம் பெருமளவில் வந்தது. பணம் வந்த வேகத்தில் நாடெங்கும் குற்றவியல் நீதித் துறைகள் முளைத்தன. அவற்றில் ஒரு பகுதி, காவல் பயிற்சிப் பள்ளியின் பாடத்திட்டத்தைக் கல்லூரி வகுப்பறைக்கு மாற்றியது போல் அமைந்தது. மற்றொரு பகுதி, சமூகவியல், அரசியல் அறிவியல், உளவியல், புள்ளியியல் ஆகியவற்றைக் கலந்து ஆராய்ச்சித் துறையாக வளர்ந்தது. இந்த இரு வகையும் இன்றுவரை இருக்கின்றன. உள்நாட்டு மாணவருக்கு முதல் வகை பயன்படலாம். வெளிநாட்டு மாணவருக்கு இரண்டாம் வகைதான் பொருந்தும். அல்பனி, மேரிலாந்து பல்கலைக்கழகங்களும், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகமும் இரண்டாம் வகைக்குப் பெயர்பெற்றவை. டெக்சாஸில் உள்ள சாம் ஹூஸ்டன் மாநிலப் பல்கலைக்கழகம், பெரிய சிறைத் துறை ஒன்றின் தலைமையகம் இருக்கும் ஹன்ட்ஸ்வில் ஊரிலேயே இருப்பதால், சிறைகளைப் பற்றிய ஆய்வில் அதற்கு நீண்ட மரபு உண்டு.

பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், அதாவது பாட அலகுகள் வேண்டும். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று கிரெடிட். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதிதான் முதன்மைப் பாடம். மீதி பொதுக் கல்விப் பாடங்களும் விருப்பப் பாடங்களும். காவல், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றின் அறிமுகம், குற்றவியல் கோட்பாடுகள், குற்றவியல் சட்டம், விசாரணை நடைமுறைச் சட்டம், இளம் குற்றவாளிகளுக்கான நீதி, தொழில் அறம், ஆராய்ச்சி முறைகள், புள்ளியியல் ஆகியவை எங்கும் இருக்கும். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு, கொலை நடந்த இடத்தில் தடயம் சேகரிக்கக் கற்றுத் தருவார்கள் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. அது தடய அறிவியல். வேதியியலும் உயிரியலும் அடிப்படையாகக் கொண்ட தனிப் படிப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் மாற்ற முயன்றால், ஆய்வகப் பாடங்கள் விட்டுப்போய் ஓராண்டு கூடுதலாகச் செலவாகும்.

உண்மையில் வகுப்பறையில் நடப்பது என்ன என்பதை ஒரு வழக்கைக் கொண்டு காட்டுகிறேன். 1963 அக்டோபர் 31 அன்று கிளீவ்லாந்து நகரில் மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற துப்பறிவாளர், இரண்டு பேர் மாறி மாறி ஒரு கடையின் கண்ணாடிச் சன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதைக் கவனிக்கிறார். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகிறார். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்ற ஐயம் எழுகிறது. ஆனால் கைது செய்யப் போதிய காரணம் அவரிடம் இல்லை. அணுகிப் பெயரைக் கேட்கிறார்; முணுமுணுப்பே பதிலாக வருகிறது. உடனே ஒருவரைத் திருப்பி நிறுத்தி மேலாடையின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்க்கிறார்; துப்பாக்கி கிடைக்கிறது. டெரி எதிர் ஒஹாயோ என்று பெயர் பெற்ற இந்த வழக்கில், கைதுக்குத் தேவையான அளவு காரணம் இல்லாவிட்டாலும், நியாயமான ஐயம் இருந்தால் ஒருவரை நிறுத்தி ஆயுதத்துக்காக மேலோட்டமாகச் சோதிக்கலாம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம்; டக்ளஸ் ஒருவர் மட்டும் மறுத்தார். மாணவர் செய்ய வேண்டியது இந்தக் கதையை ஒப்பிப்பதல்ல. வழக்கின் உண்மைகள் எவை, நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி எது, முடிவு என்ன, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எது என்று பிரித்து ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். அதன் பின், மெக்ஃபேடன் பார்த்ததில் எந்த ஒரு விவரத்தை நீக்கினால் தீர்ப்பு மாறும் என்று பேராசிரியர் கேட்பார். சோதனை நியாயமானதாவதற்கு ஐயத்தின் பின்னால் சொல்லக்கூடிய விவரங்கள் எத்தனை வேண்டும் என்ற கேள்வியில்தான் பாடம் இருக்கிறது.

இன்னொரு பக்கம், ஆய்வுச் சான்றுகளைப் படிக்கும் பயிற்சி. என் வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் விடாமல் எடுப்பது மினியாபொலிஸ் குடும்ப வன்முறை ஆய்வு. லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் இருவரும் 1980-களின் தொடக்கத்தில் நடத்தியது. குடும்பத்துக்குள் அடித்துக்கொண்டதாக அழைப்பு வரும்போது, கைது செய்வதா, அறிவுரை கூறுவதா, அடித்தவரை எட்டு மணி நேரம் வீட்டை விட்டு வெளியேற்றுவதா என்பதை அலுவலர் தன் விருப்பப்படி தீர்மானிக்காமல், கையிலிருந்த படிவக் கட்டின் அடுத்த தாளின் நிறம் எதுவோ அதன்படி செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு மாதக் காவல் துறைப் பதிவுகளைப் பார்த்தபோது, கைது செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரும், அறிவுரை பெற்றவர்களில் 19 விழுக்காட்டினரும், வெளியேற்றப்பட்டவர்களில் 24 விழுக்காட்டினரும் மீண்டும் வன்முறையில் இறங்கியிருந்தார்கள். முடிவுகள் வெளிவந்ததும் நாடெங்கும் காவல் துறைகள் கைது செய்வதையே கொள்கையாக்கத் தொடங்கின. பிறகு ஒமஹா, சார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமியை உள்ளடக்கிய டேட் மாவட்டம் ஆகிய இடங்களில் அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை. வேலை இல்லாதவர்களைக் கைது செய்வது வன்முறையைக் கூட்டக்கூடும் என்றுகூட மில்வாக்கி ஆய்வு காட்டியது. ஒரே ஆய்வை நம்பிச் சட்டம் இயற்றலாமா, அதுவரை அடி வாங்குபவர்களைக் காத்திருக்கச் சொல்லலாமா என்ற இரண்டு கேள்விகளையும் ஒருசேர மனத்தில் வைத்துச் சிந்திக்கக் கற்ற மாணவர், எந்த நாட்டின் காவல் துறைக்கும் கொள்கை எழுதும் தகுதியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார் என்பேன்.

வெளிநாட்டு மாணவர் தடுமாறும் இடம் ஆங்கிலம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய இடர், பாடநூல் யாருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு சொல்லாமல் விடும் செய்திகள். அங்கே காவல் துறை என்பது ஒரே அமைப்பு அல்ல. நகரம், மாவட்டம், மாநிலம், கூட்டாட்சி என்று ஏறக்குறைய 18,000 தனித்தனி அமைப்புகள். மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் பெரும்பாலும் தேர்தலில் நின்று வென்றவர்; பெரும்பாலான மாநிலங்களில் தலைமை அரசு வழக்கறிஞரும் அப்படியே. பல மாநிலங்களில் நீதிபதியும் வாக்குக் கேட்கிறார். ஒரே செயல் மாநிலச் சட்டப்படியும் கூட்டாட்சிச் சட்டப்படியும் தனித்தனியே குற்றமாகலாம். ஜூரி முன்னிலையில் வாதாடும் காட்சிதான் நம் மனத்தில் இருக்கும். ஆனால் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 விழுக்காடும் மாநில நீதிமன்றங்களில் 94 விழுக்காடும் தண்டனைத் தீர்ப்புகள் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012-இல் மிசூரி எதிர் ஃப்ரை வழக்கில் குறிப்பிட்டது. அரசு வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் இடையே நடக்கும் பேரம்தான் அந்நாட்டின் அன்றாட நீதி. இது தெரியாமல் நீதிமன்றப் பாடத்தில் உட்கார்ந்தால் பாதி விவாதம் புரியாது. முதல் பருவத்திலேயே அமெரிக்க அரசமைப்பு பற்றிய பொதுப் பாடம் ஒன்றை எடுத்துவிடுங்கள்; உள்ளூர் நீதிமன்றத்தில் பொதுமக்கள் அமரும் வரிசையில் உட்கார்ந்து ஒரு முற்பகல் முழுதும் ஜாமீன் விசாரணைகளைக் கவனியுங்கள். பெரும்பாலான விசாரணைகளுக்கு யாரும் போகலாம், கட்டணம் இல்லை, குடியுரிமையும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்; அடுத்த நாள் வகுப்பில் பேச உங்களிடம் நிறைய இருக்கும்.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பலமும் உங்களிடம் உண்டு. குடியேற்றச் சட்டமும் குற்றவியல் சட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பகுதி இன்று இத்துறையின் உயிருள்ள பகுதிகளில் ஒன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டு என்பதைக் குடிமகன் அல்லாத கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் பாடில்லா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றத்துக்கு இரையாகி விசாரணைக்கு உதவும் வெளிநாட்டவருக்காக யு விசா என்ற தனி வகையே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவாக்கப்பட்டது. ஆண்டுக்கு 10,000 என்ற வரம்பு இருப்பதால் காத்திருப்போர் வரிசை மிக நீளம். மொழி தெரியாத சாட்சி, காவல் துறையைக் கண்டு அஞ்சும் குடியேறி, மொழிபெயர்ப்பாளர் இல்லாத விசாரணை அறை ஆகியவற்றை உள்ளிருந்து புரிந்துகொள்ளும் மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரை தனியாகத் தெரியும். இறுதியாண்டுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல களத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது விசா விதிகள். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும்; அந்தக் கணக்கில் முழுக்க இணையவழியில் நடக்கும் வகுப்பு ஒன்றை மட்டுமே சேர்க்கலாம். பணியில் இருக்கும் காவலர்களுக்காகவே பல பல்கலைக்கழகங்கள் இந்தப் பட்டத்தை முழுவதும் இணையவழியில் வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் மலிவாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். அதற்கு மாணவர் விசா கிடைக்காது. வளாகத்துக்குள் பருவக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதல் கல்வியாண்டு முடிந்தபின், பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தால் சிபிடி என்ற அனுமதியுடன் வெளியே இன்டர்ன்ஷிப் செய்யலாம். முழுநேர சிபிடி 12 மாதத்தை எட்டினால் ஓபிடி எனப்படும், பட்டத்துக்குப் பின் படித்த துறையில் வேலை செய்வதற்கான அனுமதி வாய்ப்பு போய்விடும். பட்டம் முடித்தபின் ஓபிடி 12 மாதம். அதில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. பார்க்கும் வேலையும் படித்த பாடத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் கவனிக்கத் தவறும் ஓர் எண் வருகிறது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் பாடத்துக்கு எதிரே, பாடத்தை வகைப்படுத்தும் சிஐபி எனப்படும் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள குறியீடாக இருந்தால் ஓபிடியை மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். பொதுவான குற்றவியல் நீதிப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. தடய அறிவியலும் கணினித் தடயவியலும் இருக்கின்றன. ஆகவே ஒரே துறையில், அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து படித்த இரண்டு மாணவர்களில் ஒருவருக்கு ஓராண்டும் மற்றவருக்கு மூன்றாண்டும் வேலை அனுமதி கிடைக்கக்கூடும். புள்ளியியல், கணினி அறிவியல் போன்ற ஒன்றை இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுப்பவர்களும் அந்தப் பாடத்தின் அடிப்படையில் நீட்டிப்பைக் கேட்கலாம். வேலை அந்தப் பாடத்தோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், எந்த முடிவுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் எழுத்துவழியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்டர்ன்ஷிப் விஷயத்தில் உள்நாட்டு மாணவர்கள் போகும் வழியில் போக முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம். காவல் துறை, கூட்டாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் பின்னணிச் சோதனை பெரும்பாலும் குடியுரிமைக் கேள்வியிலேயே நின்றுவிடும். அரசு செலவில் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் அலுவலகங்கள், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களை மீட்க உழைக்கும் அமைப்புகள், பாதிக்கப்பட்டோருக்கான உதவி மையங்கள், சிறையிலிருந்து வெளிவருபவர்களுக்கு வீடும் வேலையும் தேடித் தரும் தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையங்கள் ஆகியவற்றில் வாய்ப்பு அதிகம். சம்பளம் இல்லாத பணியாயினும் சிபிடி தேவையா என்பதைக் கேட்காமல் சேராதீர்கள்.

பட்டத்துக்குப் பின் என்ன என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வெளிநாட்டு மாணவருக்குத் தனியார் துறையில் மிகவும் பொருந்துவது நிதிக் குற்றத் தடுப்பு. 1970-ஆம் ஆண்டின் வங்கி ரகசியச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும், ஐயத்துக்குரிய பணப் பரிமாற்றங்களைக் கண்டறிந்து அரசுக்குத் தெரிவிக்கும் பொறுப்பை வங்கிகள் மீதே சுமத்தியிருக்கின்றன. அந்த அறிக்கையை எழுத, பணம் எங்கிருந்து எங்கே போயிற்று என்று தொடர்ந்து பார்க்கும் பொறுமையும், சட்டத்தின் மொழியும், தெளிவாக எழுதும் பழக்கமும் வேண்டும். மூன்றையும் இந்தப் படிப்பு தருகிறது. கணக்கியலைத் துணைப் பாடமாக வைத்துக்கொண்டால் இன்னும் வலுவாகும். பணமோசடித் தடுப்புப் பணி எந்த நாட்டு வங்கியிலும் உண்டு என்பதால் திரும்பிப் போனாலும் திறன் வீணாகாது. தரவுப் பகுப்பாய்வில் ஆர்வமிருந்தால் ஆர் என்னும் நிரலாக்க மொழி, நிலவரைபட மென்பொருள், புள்ளியியல் ஆகியவற்றைப் படித்து ஆய்வு நிறுவனங்களை நாடலாம். நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டதாரிகளை வேலைக்கு அமர்த்தப் பயன்படுத்தும் எச்-1பி விசாவுக்கு, அந்த வேலை குறிப்பிட்ட துறைப் பட்டத்தைக் கோருவது என்று நிறுவ வேண்டியிருப்பதால், பொதுத்தன்மை கொண்ட பட்டத்தோடு வருபவர்கள் கூடுதல் விளக்கம் தர நேரிடலாம்; பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற ஆராய்ச்சி அமைப்புகளும் ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புக்குள் வராதவை என்பது ஆய்வுப் பணியை விரும்புபவர்களுக்கு ஓர் அனுகூலம்.

வழக்கறிஞராக விரும்புபவர்கள், அமெரிக்காவில் சட்டம் என்பது இளங்கலைக்குப் பின் படிக்கும் மூன்றாண்டுப் பட்டம் என்பதையும், அதற்கு எந்த முதன்மைப் பாடமும் கட்டாயமில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏழாண்டுச் செலவைத் தாங்க முடியுமா என்று குடும்பத்தோடு முதலிலேயே பேசிவிடுங்கள். இன்டர்போல், ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் ஆகியவற்றைக் கனவாக வைத்திருப்பவர்களும் உண்டு. லியோனில் உள்ள இன்டர்போலில் பணியாற்றும் காவல் அதிகாரிகள் பலர் தத்தம் நாட்டுக் காவல் துறையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். மற்ற இரண்டும் இருக்கும் வியன்னாவிலும் ஹேகிலும் முதுகலைப் பட்டமும் பணி அனுபவமும் இல்லாமல் இளங்கலையோடு நேரே நுழைவது அரிது. இயலாத கனவு என்று சொல்லவில்லை. அதற்கான வழி பெரும்பாலும் உங்கள் சொந்த நாட்டுப் பணியின் ஊடாகப் போகிறது.

அமெரிக்காவை விட்டால் வேறு நாடுகள் எப்படி என்றால், சுருக்கமாக: இங்கிலாந்தில் குற்றவியல் மூன்றாண்டுப் பட்டம், படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை தேட வழி உண்டு, ஆனால் காவல் பணிக்குத் தங்குவதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நிலை வேண்டும். கனடாவின் அரச குதிரைப்படைக் காவல் துறை குடிமக்களோடு நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் ஏற்கிறது. ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சிக் காவல் துறை குடியுரிமையைக் கேட்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் காவல் துறைக்கு நிரந்தர வசிப்புரிமை போதும். எங்காயினும் சீருடைதான் இலக்கு என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தப் பட்டத்தின் வழியே நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் என்பது. அந்தப் பட்டம் குற்றவியல் நீதியாக இல்லாமலும் போகலாம்.

விசா நேர்காணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஃப்பிஐயில் சேர்வதே நோக்கம் என்று அங்கே சொல்லும் மாணவர், அந்தப் பணிக்குத் தகுதியில்லை என்பது தமக்குத் தெரியாது என்பதையும், நாடு திரும்பும் எண்ணம் இல்லை என்பதையும் ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுகிறார். எந்தப் பாடங்களுக்காக இந்தப் பல்கலைக்கழகம், திரும்பிய பின் எந்த வேலைக்கு அவை உதவும் என்று உண்மையாகவும் தெளிவாகவும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே போன பின்னும், சக மாணவருக்குச் சிறு தண்டனையோடு முடியும் செயல் உங்களுக்கு விசாவையே பறிக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசாவை ரத்துசெய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய மாநிலத்தில் படித்தாலும், குடியேற்ற விதிகள் கூட்டாட்சிச் சட்டத்தைத்தான் பார்க்கும்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன், தேர்ந்தெடுத்த ஒவ்வொரு துறைக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பட்டத்தின் சிஐபி குறியீடு எது, ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும் கட்டாயமா விருப்பமா, பேராசிரியர்களில் எத்தனை பேர் ஆய்வு வெளியிடுகிறார்கள், இன்டர்ன்ஷிப் கட்டாயமென்றால் குடியுரிமை கேட்காத இடங்கள் எவை, கடந்த சில ஆண்டுகளில் பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு மாறும் திட்டமிருந்தால், எந்தெந்தப் பாடங்களை ஏற்றுக்கொள்வார்கள் என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். தொழிற்பயிற்சி வகைப் பட்டத்தில் எடுக்கும் காவல் பாடங்கள் பல நேரங்களில் நான்காண்டுப் பட்டத்துக்குக் கணக்கில் வருவதில்லை. பட்டம் பெற்றவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பெயர் குறிப்பிடாமலாவது திட்டவட்டமாகப் பதில் சொல்லும் துறை வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறது. உள்ளூர்க் காவல் துறையுடன் தமக்குள்ள நெருக்கத்தை மட்டும் பெருமையாக எழுதும் துறையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.